பினாங்குத் தெருவில் என் மாணவன்

 

பினாங்கு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த கைலியா? பாட்டியார் அலமாரியில் பூட்டி வைத்திருந்த பீங்கான் கோப்பையா? இராமநாதபுரம், நாகை மாவட்டங்களின் கடலோர ஊர்களில் பினாங்கின் பெயர் வழங்காத முஸ்லிம் தெருவைக் காண்பது அரிது. அந்தத் தீவுக்குச் சென்று வந்தவர்கள் அதன் கடற்கரையையும், மலைமீது ஏறும் ரயிலையும், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது அவற்றைப் பற்றியன்று. 17 ஆண்டுகளுக்கு முன் நானே தொலைத்துவிட்ட மாணவன் ஒருவனை அங்கே மீண்டும் கண்டேன். அவன் வழியாகப் போதை என்னும் நோயைப் பற்றிப் பாடம் ஒன்று கற்றேன். உங்கள் இல்லங்களிலும் வளரும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆதலால் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

கப்பித்தான் பள்ளியில்

உறவினர் மகளின் நிக்காஹ்வை முன்னிட்டு ஒரு வாரப் பயணமாகப் பினாங்கு சென்றிருந்தேன். ஜார்ஜ் டவுன் நகரின் பழைய பகுதியில் தங்கினேன். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி அது. சீனர் கோயில், கிறித்தவ தேவாலயம், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் ஆகிய அனைத்தும் அங்கே கூப்பிடு தூரத்தில் அமைந்திருக்கின்றன. பள்ளிவாசலின் பெயர் கப்பித்தான் கெலிங் பள்ளி. சோழமண்டலக் கரையிலிருந்து சென்று குடியேறிய முஸ்லிம்கள் 1801ஆம் ஆண்டில் உருவாக்கிய இறையில்லம். அம்மக்களின் தலைவராக விளங்கிய காதர் முகையதீன் என்பவரின் பதவிப் பெயரே பள்ளிக்கும் பெயராயிற்று. கப்பித்தான் என்றால் தலைவர்; கெலிங் என்பது தென்னிந்தியரைக் குறிக்க மலாய் மக்கள் வழங்கிய சொல்.

அஸர் தொழுகை முடிந்து வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். முப்பது வயதைக் கடந்த ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன். அவர் நகரவில்லை.

“ஹஜ்ரத், என்னைத் தெரிகிறதா?”

குரல் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. அவனுடைய அத்தா மலேசியக் குடியுரிமை பெற்றவர். பினாங்கில் நாசி கண்டார் உணவுக்கடை நடத்துபவர். பிள்ளை ஊரில் வளர்ந்து ஓதிப் படிக்கட்டும் என்று பாட்டியிடம் அனுப்பி வைத்திருந்தார். எங்கள் மதரஸாவில் இனிய குரலில் கிராஅத் ஓதியவன் அவன். 16ஆம் வயதில் ஒருநாள் அவனுடைய பையிலிருந்து கஞ்சா அடைத்த சிகரெட் ஒன்று விழுந்தது. மறுநாளே பதிவேட்டில் அவன் பெயரை அடித்தேன். பாட்டியார் வாசலில் நின்று அழுதார். “மற்ற பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்பொழுது எனக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. மார்க்கத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

“நாளைக் காலை என்னோடு வாருங்கள் ஹஜ்ரத். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். உங்களிடம் ஒன்று சொல்லவும் வேண்டும்” என்றான்.

அபின் வளர்த்த துறைமுகம்

கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். ஆயினும் அந்தத் தெருக்களில் நடந்தபோதுதான் ஒரு நகரத்தின் செழிப்புக்குள் எவ்வளவு நஞ்சு கலந்திருக்க முடியும் என்பது விளங்கிற்று.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இத்தீவைக் கைப்பற்றினார். இது வரி வாங்காத துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. அப்படியானால் நிர்வாகச் செலவுக்குப் பணம் ஏது? அபின், சாராயம், சூதாட்டம் போன்றவற்றை விற்கும், நடத்தும் உரிமையை ஏலம் விட்டார்கள். குத்தகை எடுத்தவர் மாதந்தோறும் அரசுக்குப் பணம் கட்டினார். கச்சா அபினைக் காய்ச்சிச் ‘சண்டு’ என்ற பெயரில் கடைகளில் விற்றார். அந்த அபின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் இந்தியாவிலிருந்துதான்! பாட்னாவிலும் காசிப்பூரிலும் கம்பெனியின் தொழிற்சாலைகளில் உருண்டை பிடித்து, பெட்டிக்கு 40 உருண்டைகளாக அடுக்கி, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். அங்கிருந்து கப்பல்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சீனத்துக்கும் சென்றன. சீன அரசு தடுக்க முற்பட்டபோது 1839இல் போரே மூண்டது. தோற்ற சீனம் 1842இல் ஹாங்காங் தீவைப் பறிகொடுத்தது.

அபினைப் புகைத்தவர்கள் யார்? பெரும்பாலும் ஈயச் சுரங்கங்களிலும் துறைமுகத்திலும் உழைத்த சீனக் கூலிகள், ரிக்‌ஷா இழுத்தவர்கள். உடல்வலி தெரியாமலிருக்கப் புகைத்தார்கள். பிறகு புகைக்காவிட்டால் வலி தாங்க முடியாமல் புகைத்தார்கள். கூலியாகக் கிடைத்த காசு அபின் கடை வழியே மீண்டும் முதலாளியிடமே சென்று சேர்ந்தது. சர்ச் தெருவில் பச்சை வண்ண மாளிகை ஒன்று இருக்கிறது. இன்று அது அருங்காட்சியகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கட்டியவர் சுங் கெங் குவீ என்ற ஈயச் சுரங்க அதிபர். பேராக் மாநிலத்தின் வரிக் குத்தகைகளையும் எடுத்தவர். தங்க முலாம் பூசிய அதன் மரச் சிற்பங்களைக் காணக் கண் கூசுகிறது. அந்த ஒளிக்குப் பின்னால் எத்தனை கூலிகளின் எலும்புகள் என்று எண்ணிப் பார்த்தேன்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை ஆண்ட அரசின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்த ஆண்டுகளும் உண்டு. 1910இல் குத்தகை முறையை ஒழித்துவிட்டு அரசே அந்த வாணிபத்தை ஏற்று நடத்திற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946இல்தான் முழுத் தடை வந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உரிமம் கொடுத்து வளர்த்துவிட்டு, ஒருநாள் சட்டம் போட்டால் நோய் போய்விடுமா? போகவில்லை. உருமாறி வந்தது.

மருந்தாகப் பிறந்த நஞ்சு

அபினிலிருந்து மார்பின் என்ற வலிநீக்கி பிரிக்கப்பட்டது. மார்பினிலிருந்து உண்டாக்கப்பட்ட மற்றொரு பொருளை 1898ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மார்பினைப் போல் அடிமைப்படுத்தாது என்றும் கூறப்பட்டது. அதன் பெயர் ஹெராயின்! மருத்துவ உலகம் தன் தவற்றை உணர்வதற்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது. பர்மா, லாவோஸ், தாய்லாந்து எல்லைகள் கூடும் மலைப்பகுதியில் காய்ச்சப்பட்ட ஹெராயின், 1970களில் மலேசிய இளைஞர்களிடம் பெருமளவில் வந்து சேர்ந்தது.

அந்நாட்டு அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1983இல் போதைக் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. 15 கிராம் ஹெராயின் கையிலிருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் கருதும். அதே ஆண்டில், போதைக்கு அடிமையானவர்களை இரண்டாண்டு மறுவாழ்வு முகாமில் வைக்கும் சட்டமும் வந்தது. ஆயினும் ஊசியைப் பகிர்ந்துகொண்ட இளைஞர்களிடையே எய்ட்ஸ் கிருமி பரவிற்று. 2002ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாக அக்கிருமித் தொற்று கண்டறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஊசியால் போதை ஏற்றிக்கொண்டவர்கள். தூக்குக் கயிற்றின் அச்சத்தையும் மீறி அவர்களை இழுத்தது எது? அதைத்தான் என் மாணவன் வாயால் கேட்டேன்.

துறைமுகத்தைப் பார்த்தவாறு ஒரு கல் இருக்கையில் அமர்ந்தோம்.

“அத்தா என்னை இங்கே அழைத்துக்கொண்ட இரண்டாம் ஆண்டில் ஹெராயின் பழகிற்று ஹஜ்ரத். முதல் சில வாரங்கள்தாம் இன்பம். பிறகு ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை அது உள்ளே போயாக வேண்டும். இல்லையென்றால் கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், மயிர்க்கூச்செறியும், வயிறு கழியும், எலும்புக்குள் யாரோ குடைவது போலிருக்கும். இன்பத்துக்காக அல்ல, அந்த வேதனைக்கு அஞ்சியே மீண்டும் போட்டேன். கடைக் கல்லாவில் திருடினேன். அம்மாவின் வளையலையும் விற்றேன். பிடிபட்டு இரண்டாண்டு முகாமில் இருந்தேன். உடம்பு தேறிற்று. வெளியே வந்த மூன்றாம் வாரம் பழைய அளவையே போட்டேன். உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திருந்தது, மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். என்னோடு வெளியே வந்த கூட்டாளி பிழைக்கவில்லை.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்:

“உங்களைக் குறைகூற வரவில்லை ஹஜ்ரத். ஆனால் ஒன்று. நீங்கள் பெயரை அடித்த மறுநாள் காலையில் எனக்குப் போக இடமில்லை. கூட ஓதிய பிள்ளைகள் பேசவில்லை. தெருமுனையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான். கஞ்சா கொடுத்தவன்.”

வாசகர்களே, நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குவளை மருந்து

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் என்னை அரசு சுகாதார நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். ஒரு சிறிய சாளரத்தின் முன் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். மீனவர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், நரைத்த தாடியுடன் முதியவர் ஒருவர். மருந்தாளர் ஒரு குவளையில் திரவத்தை அளந்து ஊற்றினார். என் மாணவன் அவர் கண்முன்பே குடித்தான், தண்ணீரும் குடித்தான், இரண்டு வார்த்தை பேசிக் காட்டிவிட்டுக் கையொப்பமிட்டான். விழுங்காமல் வாயில் அடக்கிச் சென்று விற்றுவிடாமலிருக்க அந்த ஏற்பாடாம். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்.

அந்த மருந்தின் பெயர் மெத்தடோன். அதுவும் அபின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் மெல்ல வேலை செய்வது. ஒருமுறை அருந்தினால் ஒருநாள் முழுவதும் நிற்பது. மருத்துவர் கணித்த அளவில் அருந்தினால் மயக்கம் தராமல், உடலின் தவிப்பை மட்டும் அடக்குகிறது. பழக்கமில்லாத ஒருவர் அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் அத்தனை கண்டிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மலேசிய அரசும் அதே ஆண்டில்தான் இச்சிகிச்சையைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் தூய ஊசி வழங்கும் திட்டமும் வந்தது. 2010ஆம் ஆண்டுக்குள் புதிய எய்ட்ஸ் கிருமித் தொற்று 2002இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

என் மனம் ஒப்பவில்லை. “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று சொல்ல மாட்டார்களா, தம்பி?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “கம்ரு என்ற சொல்லுக்கு மூடுவது என்று பொருள், அறிவை மூடுவதால்தான் மதுவுக்கு அந்தப் பெயர் என்று நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்? ஏழாண்டுகளாக இதைக் குடிக்கிறேன். என் அறிவு மூடவில்லை ஹஜ்ரத். ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறேன். கல்லாச் சாவியை அத்தா என்னிடம் கொடுத்துவிட்டார். மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்.”

பள்ளிவாசலும் மருத்துவரும்

நான் ஊர் திரும்ப வேண்டிய விமானம் கோலாலம்பூரிலிருந்து. வழியனுப்ப அவனும் உடன் வந்தான். பட்டர்வொர்த் நிலையத்தில் ரயிலேறித் தெற்கே பயணம் செய்தோம். இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். தலைநகரில் அவன் என்னை மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் அர்ரஹ்மான் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றான். லுஹர் ஜமாஅத்தில் தொழுதோம்.

2010ஆம் ஆண்டில் இந்தப் பள்ளிவாசலில்தான் ஒரு புதுமை நிகழ்ந்தது. பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிஞர்கள் முன்னின்று, மார்க்கத் துறையினரின் ஒத்துழைப்போடு, பள்ளிவாசலிலேயே மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கினார்கள். போதையால் பள்ளிவாசலின் நிழலைக்கூட மிதிக்க வெட்கியவர்கள் மருந்துக்காக உள்ளே வந்தார்கள். மருந்தோடு ஆறுதல் மொழியும், மார்க்க போதனையும், தொழுகையும் சேர்ந்தே கிடைத்தன.

பள்ளிவாசலின் தூணில் சாய்ந்தவாறு சிந்தித்தேன். மதுவில் மூழ்கிக் கிடந்த அரபு மக்களை அல்லாஹ் ஒரே நாளில் தடுத்துவிடவில்லை. அதில் பயனைவிடப் பாவமே பெரிது என்று முதலில் உணர்த்தினான். போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று அடுத்துக் கட்டளையிட்டான். மாயிதா அத்தியாயத்தில்தான் முற்றிலும் விலக்கினான். மனிதனைப் படைத்தவனுக்கு மனிதனின் பலவீனம் தெரியும். புகாரி நூலில் பதிவான நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வந்தது. மது அருந்திப் பலமுறை தண்டனை பெற்ற தோழர் ஒருவரை மற்றொருவர் சபித்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். தண்டனையை நிறுத்தவில்லை, ஆனால் அவரைச் சமுதாயத்திலிருந்து வெளியே தள்ளவும் இல்லை. இந்த ஹதீஸை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! ஒருமுறையாவது எனக்கே நடத்திக்கொண்டேனா?

இதனால் மருந்து ஒன்றே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்று மலேசியாவில் அதிகம் பரவியிருப்பது ஹெராயின் அன்று. ‘ஷாபு’ என்று வழங்கும் செயற்கைப் போதைப்பொருள். அதற்கு மெத்தடோன் போன்ற மாற்று மருந்து கிடையாது. பொறுமையான மனநல சிகிச்சையும், குடும்பத்தின் அரவணைப்புமே துணை. அதாவது, மருந்துள்ள நோய்க்கும் மருந்தில்லா நோய்க்கும் பொதுவாகத் தேவைப்படுவது மூடப்படாத ஒரு வாசல்.

நம் வாசல் எப்படி இருக்கிறது?

இது எங்கோ கடல் கடந்த நாட்டின் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் இந்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் 2 கோடியே 26 இலட்சம் பேர் அபின் இனப் போதைப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுள் சுமார் 77 இலட்சம் பேருக்குச் சிகிச்சை தேவைப்படுகிறது. மது அருந்துவோர் 16 கோடிப் பேர். கஞ்சா மட்டுமன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் வலிநீக்கி மாத்திரைகளும் நம் பிள்ளைகளின் கைக்குப் போதைப்பொருளாக வந்து சேர்கின்றன.

தாய்மார்களே! பிள்ளை நண்பர்களைத் திடீரென மாற்றினால், நெடுநேரம் கதவைத் தாழிட்டிருந்தால், வீட்டில் பணம் காணாமற்போனால், உறக்கமும் பசியும் தாறுமாறானால் கவனியுங்கள். உடனே தீர்ப்புக் கூறாதீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திருமணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்று எண்ணி, ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுகிறார்கள். போலீஸ் வழக்கு வந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான நோயாளி, அரசு ஏற்ற நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழிசெய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை நம் ஜமாஅத் நிர்வாகிகளும் அறிந்திருக்க வேண்டும்.

போதைப்பொருள் ஹராம், அதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதை விற்பவன் சமுதாயத்தின் பகைவன். ஆனால் அதில் விழுந்த பிள்ளை நம் பிள்ளை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதே நான் செய்த பிழை.

ஊர் திரும்பியதும் மதரஸாவின் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் பெயரின் மீது சிவப்பு மையில் நான் இட்ட கோடு அப்படியே இருந்தது. அருகில் என் கையெழுத்து.

சென்ற மாதம் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மகனின் சட்டைப்பையிலிருந்து எடுத்ததாக ஒரு மாத்திரை அட்டையைக் காட்டி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் கதவைச் சாத்தவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு நானே சென்றேன். இப்பொழுது வாரம் ஒருமுறை சென்று வருகிறோம். ஒருமுறை வழுக்கினான், மீண்டும் எழுந்திருக்கிறான். அவன் பெயர் பதிவேட்டில் இருக்கிறது.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காப்பானாக! விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்தும் கைகளாக நம் கைகளை ஆக்குவானாக! ஆமீன்.